தலையில் செதில், குதியில் வலி, விரலில் வீக்கம்: சொரியாசிஸ் மூட்டழற்சி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு விரல் வலி புதிதல்ல. வலித்தால் வேலையால் வந்தது என்று அவர்களும் நினைக்கிறார்கள், பார்ப்பவரும் அப்படியே நினைக்கிறார். அந்த நினைப்பு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைக் காட்டவே இதை எழுதுகிறோம். இதில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். இந்த வட்டாரத்தில் நோய் வருகிற விதத்தையும், சிகிச்சையில் நேரும் சிக்கல்களையும் ஒரே வரலாறாகத் தொகுத்திருக்கிறோம். மருந்தளவுகளும் அளவுகோல்களும் நடைமுறையில் உள்ளவை.

வந்த விதம்

வயது 41. இருபது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். எடை 68 கிலோ, உயரம் 152 செ.மீ. ஒன்பது ஆண்டுகளாகத் தலையில் செதில் உதிர்கிறது. பொடுகு என்று ஷாம்பு மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். முழங்கையில் இரண்டு தடிப்புகள் வந்தபோது சொரியாசிஸ், அதாவது காளாஞ்சகப்படை, என்று சொல்லி வெட்பாலைத் தைலம் கொடுத்திருக்கிறார்கள். தைலம் போட்டால் செதில் மெதுவாகும், அரிப்பு குறையும். அதோடு விட்டுவிட்டார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் வலது குதியில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைப்பதுதான் பெரும்பாடு. குதிவாதம் என்று சொல்லி மெத்தென்ற செருப்பு மாற்றினார்கள், குதியில் ஓர் ஊசியும் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து வலது ஆள்காட்டி விரலும் இடது காலின் நான்காம் விரலும் வீங்கின. யூரிக் அமிலம் 7.1 இருந்ததால், அந்த அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் என்று முடிவுகட்டி, நான்கு மாதம் ஃபெபுக்ஸோஸ்டாட் 40 மி.கி. சாப்பிட்டார். யூரிக் அமிலம் இறங்கியது, வீக்கம் இறங்கவில்லை. முடக்குவாதத்துக்காகச் செய்யும் வாதக் காரணி பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், "உங்களுக்கு வாதம் இல்லை" என்றும் சொல்லிவிட்டார்கள்.

பிறகு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஒரு வலி மாத்திரையும் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றும் வாங்கினார். மூன்றே நாளில் சுகம். ஆறு வாரம் சாப்பிட்டு, காசு போதாமல் நிறுத்தினார். பத்து நாளில் முழங்கையில் இருந்த தடிப்பு முதுகுக்கும் தொடைக்கும் பரவியது. அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. சொரியாசிஸ் உள்ளவர் வாய்வழி ஸ்டீராய்டைச் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தோல் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். சிலருக்குச் சீழ்க்கொப்புளங்களாகவும், இன்னும் சிலருக்கு உடம்பு முழுதும் சிவந்து உரியும் ஆபத்தான நிலையாகவும் மாறும். இவருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

எங்களிடம் அவர் சொன்னது இது: "காலைல எந்திரிச்சா விரல் மடங்கவே மாட்டேங்கு டாக்டர். வெந்நியில கைய முக்கி வச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கத்தரியப் பிடிக்க முடியுது. பெறவு வேலை பாக்கப் பாக்கக் கொஞ்சம் விடும்."

இந்தப் பேச்சிலேயே பாதி விடை இருக்கிறது. வேலையால் வரும் வலி காலையில் குறைவாக இருந்து, பொழுது சாய ஏறும், ஓய்வெடுத்தால் குறையும். அழற்சியால் வரும் வலி இதற்கு நேர்மாறு. ஓய்வில் இறுகும், அசைக்க அசைக்க இளகும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வேலையின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டு, காரணத்தைத் தேட வேண்டும்.

உடம்பைப் பார்த்தபோது

வலித்த மூட்டுகள் 9, வீங்கியவை 5. வலது ஆள்காட்டி விரல் நுனி முதல் அடிவரை ஒரே பருமனாக வீங்கிச் சிவந்திருந்தது. மூட்டு மட்டும் வீங்கினால் விரல் கணுக்கணுவாகத் தெரியும். இங்கே மூட்டு, தசைநாண் உறை, சுற்றியுள்ள சதை எல்லாம் சேர்ந்து வீங்குவதால் கணுவே தெரியாது. டாக்டைலைட்டிஸ் எனப்படும் இந்த வீக்கம் கால் விரலிலும் இருந்தது. பெரும்பாலும் கால் விரலில்தான் வரும். செருப்பைக் கழற்றச் சொல்லாமல் பார்த்தால் தவறிவிடும்.

வலது ஆள்காட்டி, இடது நடு விரல்களில் நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு வீங்கியிருந்தது. முடக்குவாதமான சரவாங்கி இந்த மூட்டை அநேகமாகத் தொடாது. வயதானவர்களின் தேய்மானம் தொடும். ஆனால் அது எலும்பாகக் கெட்டியாக இருக்கும், இது பஞ்சுபோல் மெத்தென்று, சூடாக இருந்தது.

ஆறு நகங்களில் குண்டூசி முனையால் குத்தினாற்போல் சிறு குழிகள். இரண்டு நகங்கள் நுனியில் சதையை விட்டுப் பிரிந்து, அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் திட்டு. பீடியின் தலையை மடக்கி அமுக்கும் நகம் என்பதால் வேலையால் வந்த தேய்வு என்றே இவரும் நினைத்திருந்தார். பூஞ்சையா என்று நகத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தோம்; இல்லை.

நோயாளி தானாகக் காட்டாத இடங்கள் உண்டு: காதுக்குப் பின்புறம், உச்சந்தலை, தொப்புள், பிட்டங்களுக்கு இடையிலான மடிப்பு. பெண் மருத்துவரோ செவிலியரோ உடன் இருந்து, கேட்டுப் பார்க்க வேண்டும். நான்கு இடத்திலும் செதில் இருந்தது. தலை, நகம், பிட்ட மடிப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றில் சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு மூட்டு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பை உடலின் 1 சதவீதம் என்று கொண்டு அளந்தால், தடிப்பு மொத்தம் 6 சதவீதம்.

இரண்டு குதிகால் தசைநாண்களும் எலும்பில் பதியும் இடத்தில், கட்டைவிரலால் நம் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியதும் துடித்துவிட்டார். அல்ட்ராசவுண்டில் அந்த இடம் தடித்து, ரத்த ஓட்டம் கூடியிருந்தது. ஊசி போட்டது குதியின் அடியில். நோய் இருந்தது குதியின் பின்புறம். கண் சிவப்பு இல்லை. இரவின் பின்பகுதியில் எழுப்பிவிடும் முதுகு வலியும் இல்லை. தாய்மாமாவுக்குச் சொரியாசிஸ் உண்டு என்பது நாங்கள் கேட்ட பிறகுதான் வெளிவந்தது.

உள்ளே நடப்பது என்ன

சொரியாசிஸ் தோலின் நோய் என்று சொல்வது பாதி உண்மைதான். நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு பகுதி தவறாகத் தூண்டப்பட்டு, இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17, டிஎன்எஃப் என்னும் அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தோலில் இதன் விளைவு, சுமார் ஒரு மாதம் எடுக்க வேண்டிய தோலணு வளர்ச்சி சில நாள்களிலேயே முடிந்து செதிலாக உதிர்வது. இவ்வளவு அணுக்கள் பிறந்து அழிவதால்தான் பலருக்கு யூரிக் அமிலமும் கூடுகிறது. கவுட் என்று தவறாக முடிவுகட்ட வைப்பது இதுவே.

மூட்டுப் பக்கம் நோய் பெரும்பாலும் தசைநாண் எலும்பில் பதியும் இடத்தில் தொடங்குகிறது. குதிகால், உள்ளங்கால், முழங்கை, முழங்கால் சிப்பி என இழுவை அதிகம் தாங்கும் இடங்கள் அவை. விரல் நுனியில் இன்னொரு விசேஷம். விரலை நிமிர்த்தும் தசைநாண் கடைசி மூட்டைத் தாண்டிப் பதியும்போது, அதன் இழைகள் நகத்தின் வேர்வரை செல்கின்றன. நகமும் கடைசி மூட்டும் ஒரே அமைப்பின் இரு முனைகள். நகத்தில் குழி விழுந்த விரலிலேயே நுனி மூட்டும் வீங்குவதற்குக் காரணம் அதுதான்.

சரவாங்கி எலும்பை அரிக்கும். இந்த நோய் ஒரு பக்கம் அரித்துக்கொண்டே, பக்கத்தில் புது எலும்பையும் வளர்க்கும். அரிப்பு முற்றினால் ஒரு எலும்பு பென்சில் முனையாகக் கூர்ந்து, எதிர் எலும்பு கிண்ணமாகக் குழிந்துவிடும். வளர்ச்சி முற்றினால் மூட்டு ஒட்டிப்போகும். இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்பாது. அறிகுறி தொடங்கி மூட்டு நோய் நிபுணரை முதலில் பார்க்க ஆறு மாதம் தாமதமானாலே மூட்டரிப்பும் செயலிழப்பும் கூடுவதைப் பின்தொடர் ஆய்வுகள் காட்டியுள்ளன. இவருக்குப் பதினான்கு மாதம் போய்விட்டது.

பத்துப் பேரில் ஏழு பேருக்கு முதலில் தோல், பல ஆண்டுகள் கழித்து மூட்டு. சிலருக்கு இரண்டும் ஒன்றாக வரும். மற்றவர்களுக்கு மூட்டு முந்திக்கொள்ளும். அவர்களிடம்தான் தலையையும் தொப்புளையும் குடும்பத்தையும் விசாரித்துத் தேட வேண்டியிருக்கும். தோலில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து மூட்டின் நிலையைக் கணிக்க முடியாது.

அடித்தளத்தில் ஓயாத அழற்சி இருப்பதால் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு, இதய நோய் ஆகியவையும் கூட வருகின்றன. இவருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.9. சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ரத்தம் சொல்லாதது

அழற்சியைக் காட்டும் குறியீடுகளில் ஈஎஸ்ஆர் 28, சிஆர்பி இயல்பு. வாதக் காரணியும், முடக்குவாதத்தில் காணப்படும் சிசிபி எதிர்ப்பொருளும் இல்லை. சொரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அழற்சிக் குறியீடுகள் இயல்பாகவே இருக்கும். இந்த நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆய்வகச் சீட்டைப் பார்த்து "வாதம் இல்லை" என்று சொல்வது இந்த நோயாளிகளுக்கு இழைக்கும் பெரிய தீங்கு. சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடியை விலக்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இந்த நோயை வகைப்படுத்த 2006இல் வெளியான காஸ்பார் அளவுகோலின்படி, அழற்சியுள்ள மூட்டோ முதுகெலும்போ தசைநாண் பதிவிடமோ இருந்து, 3 மதிப்பெண் சேர்ந்தால் போதும். இப்போது சொரியாசிஸ் இருந்தால் 2, நக மாற்றத்துக்கு 1, வாதக் காரணி இல்லாததற்கு 1, டாக்டைலைட்டிசுக்கு 1, எக்ஸ்ரேயில் மூட்டோரம் புது எலும்பு இருந்தால் 1. இவருடைய கை எக்ஸ்ரேயில் ஆள்காட்டி நுனி மூட்டின் ஓரங்களில் அரிப்பும், பக்கத்தில் துருத்திய புது எலும்பும் இருந்தன. மொத்தம் 6. தோலில் நோய் இருக்கும்போது தாய்மாமாவுக்குத் தனி மதிப்பெண் இல்லை. தோல் சுத்தமாக இருந்திருந்தால் அவரால் 1 கிடைத்திருக்கும்.

சிக்குன்குனியாவையும் நினைத்துப் பார்த்தோம். 2006க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் மூட்டு வலி என்றால் முதலில் வாயில் வரும் பேர் அது. ஆனால் அதில் காய்ச்சலோடு சட்டென்று தொடங்கியிருக்கும். இவருக்குக் காய்ச்சலே இல்லை. நகக் குழியையும் அது விளக்காது.

மாறிப்போன மாத்திரை

ஃபெபுக்ஸோஸ்டாட்டை நிறுத்தினோம். நாப்ராக்சன் 500 மி.கி. காலை, இரவு உணவுக்குப் பின், வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரையோடு மூன்று வாரம். தலைக்குக் குளோபெட்டசால் லோஷன் குறைந்த காலத்துக்கு. காதுப் பின்புறத்துக்கும் மடிப்புகளுக்கும் அது கூடாது, தோல் மெலிந்துவிடும், அங்கே டாக்ரோலிமஸ் களிம்பு. வெட்பாலைத் தைலத்தை அவர் விரும்பினால் தொடரட்டும் என்றோம். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர்ப்பக்கம் இது; மறைத்துச் சாப்பிட வைப்பதைவிடச் சொல்லிவிட்டுச் செய்ய வைப்பது நல்லது. உள்ளுக்குச் சாப்பிடும் எதுவானாலும் இரு தரப்பு மருத்துவருக்கும் தெரிய வேண்டும். காரணம், அடுத்து வரும் மருந்து கல்லீரலைத் தொடுவது.

தவறாகத் தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி., வாரம் ஒரு நாள், செவ்வாய் இரவு. மற்ற ஆறு நாளும், அதன் பக்கவிளைவைக் குறைக்க, ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தொடங்குமுன் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின், கல்லீரல் அழற்சி பி, சி பார்த்தோம். கல்லீரலில் கொழுப்பு இருந்தது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி நொதி 48. அதனால் குறைந்த அளவில் தொடங்கினோம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தவர். கருத்தரிக்க வாய்ப்புள்ளவருக்கு இந்த மருந்தைத் தடுப்பு முறை இல்லாமல் தரவே கூடாது.

ஐந்தாம் வாரம் வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை என்று வந்தார். வெள்ளை அணுக்கள் 2,900, தட்டணுக்கள் 1.1 லட்சம். ஊரில் அம்மன் கோவில் கொடை. வீடு நிறைய ஆள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள். இடம் மாறிவிட்டது: வாரத்துக்கு ஒன்று போக வேண்டியது ஆறு நாள் தொடர்ந்து போயிருக்கிறது. ஒரே வாரத்தில் 60 மி.கி.

உள்நோயாளியாகச் சேர்த்து ஃபோலினிக் அமிலம் ஊசியாகக் கொடுக்கப்பட்டது. சாதாரண ஃபோலிக் அமிலம் இங்கே உதவாது. அதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதியையே மெத்தோட்ரெக்சேட் தடுத்து வைத்திருக்கிறது. ஃபோலினிக் அமிலம் அந்தப் படியைத் தாண்டி வேலை செய்யும். பத்து நாளில் அணுக்கள் ஏறின. சிறுநீரகம் நன்றாக இருந்ததால் பிழைத்தார். பழுதான சிறுநீரகத்தில் இதே தவறு உயிரைக் குடித்திருக்கும்.

அதன் பிறகு செய்த மாற்றங்கள் எளிமையானவை. ஃபோலிக் அமிலத்தையும் வாரம் ஒரு நாளாக்கி, வெள்ளிக்கிழமைக்கு வைத்தோம். தினமும் என்ற சொல்லே மருந்துச் சீட்டில் இல்லாமல் போனது. மெத்தோட்ரெக்சேட் அட்டையில் "செவ்வாய் மட்டும்" என்று தமிழில் மார்க்கரால் எழுதி, நான்கு வார அளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்றோம். அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. ஒரு செவ்வாய் மறந்தால் ஓரிரு நாளுக்குள் சாப்பிடலாம். தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும், இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கும்.

ஊசிக்குப் போனது

அளவை 15 மி.கி.க்கு ஏற்றி, பதினாறு வாரம் பார்த்தோம். வீங்கிய மூட்டு 5இலிருந்து 2ஆனது, தோல் 2 சதவீதத்துக்கு வந்தது. குதியும் கால் விரலும் அப்படியே. மெத்தோட்ரெக்சேட் மூட்டுக்கும் தோலுக்கும் உதவுகிற அளவுக்குத் தசைநாண் பதிவிடத்துக்கு உதவுவதில்லை. முதுகெலும்புக்கு உதவுவதே இல்லை. "மருந்து வேலை செய்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தனித்தனியாகக் கேட்பதே இந்த நோய்க்குப் பொருந்தும்.

அடுத்த படி டிஎன்எஃப் தடுப்பு ஊசி. அதற்குமுன் காசநோய்ச் சோதனை. நம் நாட்டில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுவர்போல் சுற்றி அடைத்து வைத்திருப்பது இதே டிஎன்எஃப்தான். மார்பு எக்ஸ்ரே சுத்தம், இருமல் இல்லை. ஆனால் காசநோய்க்கான தோல் சோதனையான மாண்டூவில் 14 மி.மீ. வீக்கம்; உறங்கும் கிருமி இருக்கலாம். காசநோய் மருந்தான ஐசோனியசிட் 300 மி.கி.யும் பி6 வைட்டமினும் ஆறு மாதத்துக்குத் தொடங்கி, ஒரு மாதம் முடிந்த பின் டிஎன்எஃப் தடுப்பு ஊசியான அடலிமுமாப் 40 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஐசோனியசிட்டும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடுபவை என்பதால் மெத்தோட்ரெக்சேட்டை 10க்கு இறக்கி, எஸ்ஜிபிடியை மாதாமாதம் பார்த்தோம். 2014 முதல் உள்நாட்டுத் தயாரிப்பு கிடைப்பதால் விலை முன்பைவிட இறங்கியிருக்கிறது; என்றாலும் பீடிக் கூலிக்கு அது பெரிய தொகை. தொடங்குமுன் எத்தனை மாதம் தொடர முடியும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டது, பிறகு உருக்கினாலும் பயனில்லை. குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும், பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். திருநெல்வேலியில் வாங்கி முக்கூடலுக்குப் பஸ்ஸில் போகிறவர் பனிக்கட்டிப் பையையும் ஊசியையும் நேராக ஒட்ட விடாமல் நடுவில் துண்டு வைக்க வேண்டும். போடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். வெந்நியில் போட்டுச் சூடாக்கக் கூடாது. தொடை, வயிறு என்று இடத்தை மாற்றிப் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ.யும், தடிப்புள்ள தோலும் தவிர்க்கப்பட வேண்டும்.

கையும் வேலையும்

வேலையை விடுங்கள் என்று சொல்வது எளிது. வீட்டில் உலை வைப்பது அந்தக் கூலியில்தான். இலையை இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மெதுவாகி, வெட்ட அழுத்தம் குறைவாகப் போதும். கத்தரியின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினோம். அரை மணிக்கு ஒரு முறை சுளவை இறக்கி வைத்துவிட்டு விரல்களை முழுதாக நீட்டி மடக்குவது, சம்மணத்துக்குப் பதில் தாழ்ந்த முக்காலி, காலையில் முதல் வேலையாக வெந்நியில் பத்து நிமிடம் கை. தினம் 800 சுற்றியவர் 500க்குக் குறைத்துக்கொண்டார். நூல் அறுத்த இடத்திலும் கத்தரி பட்ட இடத்திலும் புதுத் தடிப்பு முளைத்தது. சொரியாசிஸ் உள்ள தோலில் காயம் பட்டால் இப்படி ஆகும். விரலுக்கு மெல்லிய பருத்தி உறை போட்டபின் குறைந்தது.

எடை நான்கு கிலோ இறங்கியது. எடை கூடுதலாக இருந்தால் இந்த ஊசிகள் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே அதையும் மருந்துக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பீடிக் கடையில் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களுக்காக, இது ஒட்டுவாரொட்டி அல்ல என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், கட்டாயம் இல்லை. தலைச் செதிலோடு காலை இறுக்கமோ குதி வலியோ வந்தால் காத்திருக்க வேண்டாம் என்றோம்.

ஊசி தொடங்கி ஆறாம் மாதம்: வலித்த மூட்டு 1, வீங்கியது 0, தோல் 1 சதவீதத்துக்கும் கீழே, அழுத்தினால் வலிக்கும் தசைநாண் இடம் 1, நோய் குறித்த அவருடைய மொத்த மதிப்பீடும் வரம்புக்குள். குறைந்த நோய் நிலைக்கான ஏழு அளவுகளில் ஐந்து நிறைவேறிவிட்டன, ஐந்து போதும். நிறைவேறாத மீதி இரண்டு, அவருடைய வலி மதிப்பெண்ணும் அன்றாட வேலைத் திறனும். ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு பாதிக்கு மேல் மடங்கவில்லை, இனியும் மடங்காது.

ஐசோனியசிட் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கை எக்ஸ்ரே ஆண்டுக்கு ஒன்று. காய்ச்சலோ, இரண்டு வாரம் நீடிக்கும் இருமலோ, காரணமில்லாத எடைக் குறைவோ வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் வந்து காட்ட வேண்டும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.